மூன்றாம் மாடிச் சமையல்

டில்லியில் ஹுமாயூன்பூர் என்னும் இடத்தில் நாம் குடியிருக்கிறோம். முன்னாளில் அது ஜாட் குடியானவர்களின் கிராமம். நகர விரிவுக்காக வயல்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின், வீடுகள் இருந்த பகுதி மட்டும் சப்தர்ஜங் என்கிளேவின் நடுவே எஞ்சிற்று. அதை 'லால் டோரா' என்பர். சிவப்பு நூல் என்பது பொருள்; பழைய நிலவரிப் படத்தில் குடியிருப்பைச் சுற்றி இழுத்த கோடு. நம் ஊர் வழக்கில் நத்தம் எனலாம். அக்கோட்டுக்குள் கட்டட விதிகள் தளர்ந்திருந்தமையால், உழ நிலமற்றவர்கள் மாடிமேல் மாடி எழுப்பினர். வாடகையே விளைச்சலாயிற்று. நாகாலாந்து, மணிப்பூர் முதலிய இடங்களிலிருந்து படிக்கவும் பணிபுரியவும் வந்த இளைஞர்கள் அம்மாடிகளில் குடியேறினர்.

நம் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு இரண்டு நாகப் பெண்கள் வந்தனர். சோயா மொச்சையை வேகவைத்து, புளிக்கவிட்டுச் செய்யும் அகுனியை அவர்கள் சமைத்த அன்று மாடிப்படியெங்கும் முணுமுணுப்பு. 2007-ஆம் ஆண்டில் டில்லிப் போலீஸார் வடகிழக்கு மாணவர்களுக்கென வெளியிட்ட கையேடு ஒன்று, அகுனி, மூங்கில் குருத்து போன்றவற்றை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதபடி சமைக்குமாறு புத்திமதி கூறியிருந்தது. சமைப்பவருக்குத்தான் புத்திமதி, முகர்பவருக்கு இல்லை! 2014-இல் லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைப் பரிகசித்ததில் தொடங்கிய தகராறு அவருடைய உயிரிழப்பில் முடிந்தது. ஏளனம் எங்கே போய் நிற்கும் என்பதை அறியாதவர் அல்லோம்.

அறிந்திருந்தும், அவர்களை வெளியேற்றக் கோரும் மனுவை ஹிந்தியில் எழுதித் தரும்படி குடித்தனக்காரர்கள் கேட்டபோது நாம் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் என்ற மதிப்பு காரணமாக வந்த வேலை. ஓரளவு பெருமையாகவும் இருந்தது. இரண்டு பத்திகள் செம்மையாக அமைந்தன. 'பத்பூ' என்ற சொல்லை எழுதுமிடத்தில் பேனா நின்றது. துர்நாற்றம் என்று பொருள். இந்நகருக்கு வந்த முதல் ஆண்டில், நம் வீட்டில் கருவாடு வறுபட்டபோது அன்றைய வீட்டுக்காரர் கதவைத் தட்டிச் சொன்ன சொல் அதுவே. 'மதராஸி' என்பதையும் சேர்த்துச் சொன்னார். அன்று முதல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுப்பது வழக்கமாயிற்று. (நாற்றம் என்ற சொல்லே முன்பு நறுமணத்தைக் குறித்ததுதான். மூக்குக்கு முன் சொல் கெட்டதோ என்னவோ.)

மனு முடியவில்லை என்று சொல்லிவிட்டோம். சிலர் முகம் சுளித்தனர். ஒருவர் இன்றும் பேசுவதில்லை. வாய்மொழியாகவே வீட்டுக்காரப் பாட்டியாரிடம் புகார் போயிற்று. "இந்த முற்றத்தில் ஏழு எருமைகள் கட்டியிருந்தோம்; சாணி மணக்கவா செய்தது?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண்கள் வாடகையை ஒருநாளும் தாமதிப்பதில்லை என்பதையும் தெரிவித்தார். இரண்டில் எது அவருடைய உண்மைக் காரணம் என்று நாம் ஆராயவில்லை.

சென்ற ஞாயிறன்று நம் வீட்டில் நெத்திலிக் கருவாடு. ஜன்னல் சாத்தியிருந்தும் கதவு தட்டப்பட்டது. மேல்மாடிப் பெண்களில் மூத்தவர் நின்றார். அந்த மீன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.