கடல் பின்வாங்கிய கரை



கொழும்பில், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் இன்று புனித அந்தோனியார் திருத்தலம் நிற்கும் இடம் ஒருகாலத்தில் மீனவர் கரை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த 18ஆம் நூற்றாண்டில், அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் இங்கே மறைந்து வாழ்ந்தாராம். கடல் கரையை அரித்தபோது மீனவர்கள் அவரிடம் ஓடினார்கள். அவர் மணலில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார், கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்தது என்பது திருத்தலத்தின் மரபுவழிச் செய்தி.

எனக்கோ, கடல் விலகியதைவிட அவர் வெளியே வந்ததே பேரதிசயம். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தும், அயலவருக்காக வெட்டவெளியில் முழந்தாளிட்டாரே! கடலைப் படைத்தவர் மேல் விசுவாசமும் மனிதர் மேல் அன்பும் அந்த மணலில் ஒன்றாகிவிட்டன.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், அந்த இடத்தில் எழுந்த ஆலயத்தில் குண்டு வெடித்தது. பலர் மாண்டார்கள். அன்றே கொழும்பில் இன, மத பேதமில்லாமல் மக்கள் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஜூன் 12இல் ஆலயம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருவிழா.

செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும்கூட அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கொழும்பில் இருப்பவர்களே, நீங்களும் ஒருமுறை போய்வாருங்கள். அந்த ஞாயிறு மாண்டவர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றுங்கள்.