காதுக்குப் பொருந்தும் கருவி



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதுதான் காதுக்குள் வைக்கும் இயர்போன். பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கும் கிடைக்கிறது. பெரிய கடையில் ஐந்நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது. விலை கூடினால் சத்தம் நல்லா இருக்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். காதுக்கு அது பொருந்துகிறதா என்பதல்லவோ முதற்கேள்வி!

செவித்துளை சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த குழாய். அதன் கோடியில் செவிப்பறை இருக்கிறது. கருவியின் ரப்பர் மூடி குழாயின் வாயை நன்றாக அடைத்தால், உருமி மேளத்தின் 'கும்' என்ற நாதம்கூட முழுசாகக் கேட்கும். சிறு சந்து விழுந்தாலும் போச்சு! கனத்த நாதமெல்லாம் அந்த வழியே கசிந்துவிட, கீச்சென்ற ஓசையே மிஞ்சும்.

அதே சந்து வழியாகத்தான் பஸ் இரைச்சலும் புல் வெட்டும் மெஷின் சத்தமும் உள்ளே வருகின்றன. பிள்ளை என்ன செய்கிறான்? சத்தத்தை ஏற்றுகிறான். ஆபத்து இங்கேதான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் மட்டுமே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. வகுப்பில் "என்ன சார், என்ன சார்" என்று கேட்கும் பையனைக் கவனமில்லாதவன் என்று அதட்டுகிறோம். அவனுக்குக் காதே மந்தமாகி இருந்தால்?

பெட்டியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூடிகள் இருக்கும். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு வேறொன்று பொருந்தினால் அப்படியே போடுங்கள்; யாரும் அபராதம் விதிக்கப் போவதில்லை. ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, மறு கையால் மெல்லச் செருகுங்கள். பிறகு பேசிப் பாருங்கள். உங்கள் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. வலித்தால் மூடி பெரிசு, மாற்றிவிடுங்கள்.

ஆனால் நன்றாக அடைத்தால் செம்பனை லோரியின் ஹாரனும் சரியாகக் கேட்காது. தோட்டத்துச் சாலையில் நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் கழற்றிப் பையில் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே தூக்கி எறியாதீர்கள். காதழுக்கு வலையை அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் மட்டும் வேண்டாம்.