கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்க நாமும் பழகுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கணக்கைச் சரியாக எழுதி வைப்பது நம் பஞ்ச சூத்திரத்தில் ஒன்று. இப்போ அந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் ஏறுது. போன ஐப்பசியில் இடி இடித்த மறுநாள், நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓடுச்சு, நெட் மட்டும் வரல. பார்க்க வந்தவர், "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். புதுசு வாங்கினா, யாரோ ஒரு அக்காவுக்குப் போக வேண்டிய கடன் தொகை அதுக்குப் போயிடும்.

நானும் செயலாளர் அக்காவும் அதே நெட் வயரை ஒரு லேப்டாப்பில் சொருகிப் பார்த்தோம். நெட் வந்தது. அப்போ வயர் நல்லா இருக்கு, கம்ப்யூட்டரில் அந்தத் துளை மட்டும்தான் போச்சு. அதுக்குப் பதிலா நெட்வொர்க் கார்டு தனியாகவே கடையில் கிடைக்குது.

வாங்கும் முன்னால் பெட்டியைத் திறந்து, உள்ளே எந்தத் துளை காலியா இருக்குன்னு பாருங்க. பழைய பி.சி.ஐ. வேற, இப்போ வரும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வேற. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது. ஒல்லிப் பெட்டி என்றால் குட்டைத் தகடு உள்ள கார்டு கேளுங்க.

மாட்டும்போது கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. மிச்சக் கரண்ட் இறங்கிடும். பாலியஸ்டர் சேலையில் உரசி வரும் கரண்ட் கார்டைக் கெடுத்துடும். பருத்திச் சேலை நல்லது. பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுட்டு, கார்டின் ஓரத்தை மட்டும் பிடிங்க. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை நேரா அழுத்தி, ஸ்க்ரூ போடுங்க. கரண்ட் வயர் வந்து சேரும் பவர் சப்ளை டப்பாவை மட்டும் பிரிக்கவே கூடாது. பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கும்.

எங்களுக்கு விண்டோஸ் தானாகவே கார்டைக் கண்டுபிடிச்சது. விளக்கு எரிஞ்சது, நெட் வந்தது. உங்களுக்கு வரலைன்னா, செல்போனை யு.எஸ்.பி. வயரில் இணைச்சு, போன் நெட்டைக் கொடுத்து டிரைவரை இறக்கிக்கலாம்.

குழுவுக்கு ரெண்டு பேர் இதைப் பழகுங்க, நான் சொல்லித் தர்றேன். இடி மின்னல் வந்தா கரண்ட் வயரோடு நெட் வயரையும் கழற்றி வையுங்க.