சீட்டு விழுந்தவர் பேசலாம்

ஜனநாயகம் என்றாலே தேர்தல் என்றுதான் நமக்குப் பழக்கம். பழைய ஏதென்ஸில் கணக்கே வேறு. தேர்தல் சிலராட்சிக்கு உரியது, குலுக்கலே மக்களாட்சிக்கு உரியது என்ற கருத்தை அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் பதிந்திருக்கிறார்.

அங்கே 500 பேர் மன்றத்துக்கு ஆள் எடுத்தது குலுக்கல்தான். நீதிமன்ற நடுவர்களுக்கோ, வரிசை வரிசையாகத் துளையிட்ட ஒரு கல் இயந்திரமே இருந்தது! பெயர்ப்பட்டைகளைத் துளைகளில் செருகுவார்கள். கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகள் விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசைக்கே அன்று நடுவர் வேலை. லஞ்சம் கொடுக்க வந்தவருக்கு யாரிடம் நீட்டுவது என்றே தெரியாது.

ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்தத் துளைகளில் இடமில்லை. நம் உத்திரமேரூர்க் குடவோலைக் குலுக்கலும் நிலமும் சொந்த மனையும் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

2016-ல் அயர்லாந்து இந்தப் பழைய முறையைத் தூசு தட்டி எடுத்தது. கருக்கலைப்புத் தடை, அரசியல்வாதிகள் தொடத் தயங்கிய விஷயம். அதைப் பொதுமக்களில் 99 பேர் கொண்ட ஓர் அவையிடம் ஒப்படைத்தார்கள். வயது, பால், ஊர் கலந்து பொறுக்கப்பட்டவர்கள் அவர்கள். வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் கேட்டு, தடையைத் தளர்த்தலாம் என்றார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதத்தினர் அந்தத் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

அந்த அவையில் குலுக்கலில் வராதவர் ஒருவர் இருந்தார். அதன் தலைவர், அப்போதைய உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய்.