பத்தாம் வகுப்புக்கு ஒரே வாசல்தானா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் கல்வியாளன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒன்று தெரியும். கையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பல கதவுகள் திறக்கின்றன. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அப்படி ஒரு காகிதம். அதை வாங்க ஒரே வழிதான் என்று நினைத்துப் பல வீடுகளில் பிள்ளையும் பெற்றோரும் வதைபடுகிறார்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்திலும் 35 மதிப்பெண் வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே நல்ல பாதை. ஆனால் எழுத்துகளைப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, காது கேளாத பிள்ளை? அவர்களைச் சோம்பேறி என்கிறோம். சில பள்ளிகள் 100 சதவீதத் தேர்ச்சி பேனருக்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி.யை நீட்டிவிடுகின்றன. அங்கேதான் பலருடைய படிப்பு நின்றுபோகிறது.

அப்படி டி.சி.யை வாங்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை அந்தச் சட்டமே குறிப்பிடுகிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு. எனவே முதல் வழி, அதே பள்ளியில் சலுகையோடு எழுதுவது. மருத்துவச் சான்றிதழை வைத்துத் தலைமை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தின வாரம் ஓடினால் நடக்காது.

இரண்டாவது வழி, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கியது, மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்கள் போதும்; அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். மற்றவற்றை மனையியல், ஓவியம், வணிகம் என்று பிள்ளைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம். கணக்கு கட்டாயமில்லை. ஆண்டுக்கு இரண்டு தேர்வு, ஐந்தாண்டு அவகாசம், மொத்தம் ஒன்பது வாய்ப்பு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை ஒன்று என எழுதலாம். நம் ஆர்.டி. கணக்கு மாதிரிதான்; கட்டிய தவணை கணக்கில் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கணக்கை விட்டால் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவும், பத்தாம் வகுப்புக் கணக்கைக் கேட்கும் மற்ற படிப்புகளும் கைவிட்டுப் போகும். பிள்ளை அடுத்து எங்கே சேர ஆசைப்படுகிறதோ, அந்தக் கல்லூரியிலோ வேலைக்கான அறிவிப்பிலோ என்ன தகுதி கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, "பாஸ் கேரண்டி" என்று நோட்டீஸ் ஒட்டும் சென்டர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் நாமே நேரடியாகச் சேரலாம்.

மூன்றாவது, தொழில் வழி. ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். கை வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இது தாழ்ந்த வழி அல்ல.

நான் வலியுறுத்துவது ஒன்றுதான். இந்த முடிவைப் பத்தாம் வகுப்பில் தோற்ற பிறகு எடுக்காதீர்கள். எட்டாம் வகுப்பிலேயே பரிசோதனை செய்து, அரசு மருத்துவமனையில் சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் வாங்கி வையுங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அதைத் தள்ளிப்போடுகிறோம். அந்த நாலு பேரில் ஒருவரும் நம் பிள்ளைக்காகத் தேர்வு எழுதப் போவதில்லை. பெற்றோர் காலத்துக்குப் பிறகும் அந்தப் பிள்ளை சொந்தக் காலில் நிற்க வேண்டும். இன்றைக்கு வாங்கும் காகிதம் அன்றைக்குத்தான் கைகொடுக்கும்.

படிவம் நிரப்பத் தயங்குபவர்கள் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறைக்கு வாருங்கள். படிவம் நிரப்புவதுதான் நான் 30 வருடத்துக்கு மேல் செய்த வேலை. வீட்டு விஷயம் அறையை விட்டு வெளியே போகாது.