வெளிமாநிலத் தமிழரும் ஆங்கில இலக்கியப் படிப்பும்



கோலார் தங்கவயலை அடுத்துப் பாலாற்றின் கரையில் இருப்பது பேத்தமங்களா. தங்கச் சுரங்கங்களுக்குக் குடிநீர் அளித்தது இவ்வூர் நீர்த்தேக்கமே. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டபின், இவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வேலைக்குப் பெங்களூரையே நாடலாயின. அங்கே வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். எனவே, மகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயில விழைந்தால் பெற்றோர் தடுப்பதில்லை. ஆயினும் ஒரு கலக்கம் எழுகிறது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் பேசி, தமிழெழுத்தையே கல்லாது வளர்ந்த பெண், ஷேக்ஸ்பியரிலும் வேர்ட்ஸ்வொர்த்திலும் ஆழ்ந்துவிட்டால் தமிழுக்கு முற்றும் அயலாகிவிட மாட்டாளா?

இக்கலக்கம் நியாயமானதே. ஆனால் இதற்கு மறுமொழியும் இக்கருநாடக மண்ணிலேயே உண்டு.

1929ஆம் ஆண்டில் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ. கே. இராமானுசன். அன்னையாரோடு தமிழ், தந்தையாரோடு ஆங்கிலம், வீதியில் கன்னடம் என மும்மொழியில் வளர்ந்தவர். கல்லூரியில் முதலில் அறிவியலே எடுத்தார். மகனுக்குக் கணக்கில் நாட்டமில்லை எனக் கண்டு அவரை ஆங்கில இலக்கியத்திற்கு மாற்றியவர் தந்தையார். அவரோ கணிதப் பேராசிரியர்! பிள்ளையின் படிப்பைத் தாமே முடிவு செய்யும் தந்தையர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, கல்லூரிகளில் அதனையே கற்பித்து வந்த இராமானுசன், பின்னர் மொழியியல் பயில அமெரிக்கா சென்றார். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடியபோது, உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல். அந்நூலினின்று தேர்ந்த பாடல்களை ஆங்கிலமாக்கி 1967இல் வெளியிட்டார். சங்கக் கவிதையை உலகம் கவனித்துப் படிக்க அம்மொழிபெயர்ப்பு பெரிதும் துணைசெய்தது.

ஆங்கிலப் படிப்பு அவரைத் தமிழினின்று பிரிக்கவில்லை. தமிழைப் படிக்க ஒரு பார்வையைத் தந்தது என்பேன். சான்றாக, ராபர்ட் பிரௌனிங்கின் கவிதைகள் சிலவற்றில் ஒரு பாத்திரம் மட்டுமே பேசும். எதிரே ஒருவர் வாய் திறவாது கேட்பார். பேச்சைக் கொண்டே பேசுபவரின் உள்ளத்தை நாம் உய்த்துணர வேண்டும். இதனை வகுப்பில் பயின்ற மாணவி குறுந்தொகையைத் திறக்கட்டும். அங்கும் தலைவி தோழிக்குக் கூறுவாள். நாம் ஒட்டுக் கேட்போம். வேறுபாடும் புலப்படும். பிரௌனிங் ஊரையும் காலத்தையும் சுட்டுவார். குறுந்தொகைத் தலைவிக்குப் பெயரே இல்லை. குறிஞ்சியும் நெய்தலுமே அவள் மனநிலையைச் சொல்லிவிடும். இவ்வொப்பீட்டை இரு மொழியும் படிக்க வல்லவரே நேரில் செய்ய இயலும்.

இன்று இராமானுசனின் எழுத்துகள் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆங்கிலப் பாடமாக உள்ளன. தமிழ் மாணவி குறுந்தொகையை ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, மதிப்பெண்ணும் பெற்று, மூலத்தின் ஓரெழுத்தும் அறியாது வீடு திரும்புகிறாள்! அவள் தாயோ அம்மொழியின் வழிவந்த தமிழையே அடுக்களையில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பேச்சு முன்னரே நாவில் இருப்பதால், எழுத்துக் கற்கும் வேலை பாதியாகக் குறைகிறது. கோடை விடுமுறையில் நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டிலுள்ள பெரியவரிடம் எழுத்துக் கூட்டிப் பழகலாம். பின்னர் உரையோடு கூடிய குறுந்தொகைப் பதிப்பொன்றை வாங்குக. பாடல்கள் நான்கடி முதல் எட்டடி வரையே ஆதலால் நாளுக்கொன்று போதும். முதலில் உரத்துப் படித்துவிட்டு, உரையைப் பார்த்து, ஆங்கிலப் பெயர்ப்பை இறுதியில் எடுத்துக்கொள்ளட்டும்.