தேரும் தெருவும்



குடமுழுக்கு இனிது நிறைவேறிய இவ்வேளையில், கோபுரக் கலசங்களை நோக்கிய கண்கள் சற்றே கீழிறங்கித் திருக்கோயிலின் முன்னுள்ள தெருவையும் நோக்குதல் தகும். கோயில் என்பது மதிலோடு முடிந்துவிடுவதன்று. மூலவர் கருவறையில் வீற்றிருப்பார்; உற்சவரோ தெருவுக்கு எழுந்தருளுவார். நடக்கவியலாத நோயாளிக்கும், நடக்க இயன்றும் கோயிலுக்கு வாராத சோம்பேறிக்கும் அவரவர் வாயிலிலேயே காட்சி நல்கும் பெருங்கருணையே திருவிழா எனப்படுவது.

"காலம் கெட்டுவிட்டது" என்பது பழமை பேணுவோர் நாவில் எளிதில் வரும் சொல். சினிமா, அரசியல், கிரிக்கெட், பட்டணத்து வாழ்வு என்னும் நான்கின்மேலும் அவர்கள் பழி சுமத்துவர். இப்பழியில் மெய் எவ்வளவு, வெறும் ஆற்றாமை எவ்வளவு என்று ஆராய்வதற்குத் திருவாரூர் ஆழித்தேரினும் ஏற்ற உரைகல் வேறில்லை. அப்பரடிகள் திருவாக்கிலேயே இடம் பெற்ற தேர் அது. அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும், ஏறத்தாழ 300 டன் எடையும் உடையது.

பட்டணத்து வாழ்வை முதற்கண் எடுத்துக்கொள்வோர் சொல்வது பெரும்பாலும் மெய்யே. பண்டைய கோயில் நகரங்களில் தேருக்கு ஏற்பவே வீதி அமைந்தது. இக்காலத்திலோ வீதிக்கு ஏற்பத் தேர் ஒடுங்க வேண்டியதாயிற்று. இருபுறமும் கடைகள் முன்தள்ளி நிற்கின்றன. மேலே மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் விடியுமுன், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாவிற் சென்ற சப்பரம் உயர்மின் கம்பியிற் பட்டுப் பதினொருவர் உயிரிழந்தனர். சிறுவரும் அவருள் இருந்தனர். தெய்வத்தின் ஊர்தி செல்லும் தெருவில் அடியார் உயிருக்குக் காவலில்லை என்பது எத்துணைக் கொடுமை!

தெருவில் நேர்ந்த ஓர் உயிரிழப்பிலிருந்தே ஆரூரின் பெருமையைச் சேக்கிழார் பெருமான் தொடங்குகின்றார் என்பதை ஈண்டு நினைதல் வேண்டும். இளவரசன் தேர்க்காலில் அகப்பட்டு ஆன்கன்று ஒன்று மாண்டது. தாய்ப்பசு கோட்டினால் ஆராய்ச்சி மணியை அசைத்தது. வேதியர் விதித்த கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர் கூறினர். அரசன் ஒப்பவில்லை; மைந்தனைத் தேர்க்காலில் இடுமாறு பணித்தான். பணிக்கப்பட்ட அமைச்சன் அது செய்யமாட்டாது தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, மனுவேந்தன் தானே தேரூர்ந்து அச்செயலை முடித்தான். இறைவன் வெளிப்பட்டு, மாண்ட அனைவரையும் எழுப்பியருளினான். கன்றுக்கும் தெருவில் உரிமை உண்டு என்று கண்ட அரசியல் அது! விபத்து நேர்ந்தபின் உதவித்தொகை அறிவித்து அமையும் இக்கால அரசியல் அதன் அருகிற்கூட வாராது எனப் பழமை பேணுவோர் சொல்வாராயின், மறுப்பது அரிது.

கிரிக்கெட்டைப் பற்றி அவர்கள் கூறுவது அவ்வளவு வலியதன்று. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று, டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியா தன் முதல் வெற்றியைப் பெற்றது. வினூ மன்காட் பன்னிரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஐந்து நாள் பொறுமையோடு ஒன்றை நோக்கியிருக்கும் பயிற்சியை அவ்விளையாட்டு நல்கியது என்பதை ஒப்புக்கொள்ளலாம். 2008 முதல் நிகழும் ஐ.பி.எல். ஆட்டங்களில் வீரர்களை ஏலத்தில் எடுக்கின்றனர். மாட்டுச் சந்தையிலே கூடத் துண்டினால் கையை மறைத்துக்கொண்டு விலை பேசும் நாணம் இருந்தது! அது நிற்க. அரங்கில் இருபத்திருவர் ஆட, ஆயிரக்கணக்கானோர் காண்கின்றனர். தேரிலோ காண வந்தவரே இழுப்பவர். வடம் பிடிக்க நுழைவுச்சீட்டு இல்லை.

இல்லையா? இவ்விடத்தில்தான் பழமை பேணுவோர் பேச்சுத் தடுமாறுகின்றது. சிவகங்கைச் சீமையிலுள்ள கண்டதேவியில், தாழ்த்தப்பட்டோர் வடம் தொடலாகாது என்றெழுந்த பிணக்கு 1998இல் பெரிதாகி, வழக்காக நீதிமன்றம் ஏறிற்று. தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. பின்னர் 2024இல் காவற்படை சூழ ஓடிற்று. அத்தேரை நிறுத்தியது சினிமாவன்று, பட்டணமுமன்று. கோயில் முரசுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் தந்த திருநாளைப்போவாரைத் திருவாயிலின் புறத்தே நிற்கவைத்த அதே நெஞ்சம்தான் நிறுத்தியது. திருப்புன்கூரில் அவருக்காக நந்தியை விலகச் செய்தான் இறைவன். மனிதர் விலக நீதிமன்ற ஆணை வேண்டியிருந்தது.

இனி ஆழித்தேரின் வரலாறு. 1920களில் எரிந்துபோன பழந்தேருக்கு ஈடாகப் புதுத்தேர் செய்து ஓட்டினர். அதுவும் 1948க்குப் பின் ஓடாது நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள்! திருநீறணிந்த பெருமக்களுக்கும், நிலவளம் மிக்க செல்வர்களுக்கும் அந்நாட்டிற் பஞ்சமில்லை. ஆயினும் தேர் வெயிலிலும் மழையிலும் நின்றது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி' படத்திற்கு வசனம் எழுதி, ஆத்திகர் பலரின் சினத்திற்கு ஆளானவர் கலைஞர் கருணாநிதி. ஆரூரிற் பள்ளிப்பருவம் கழித்தவர் அவர். முதலமைச்சராக இருந்தபோது 1970இல் அத்தேரை ஓடச்செய்தவரும் அவரே. பழமை பேணுவோர் சினந்த சினிமாவும் அரசியலும் ஒருங்கே உருவெடுத்தாற்போன்ற ஒருவர், அவர்கள் செய்யாது விட்ட பணியைச் செய்தார். இதனைச் சொல்லுங்கால் முதியோர் சிலர் குரல் தாழ்கின்றது. சிலர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். நன்றி கூறுவோர் மிகச் சிலர்.

தேருக்கு இரும்புச் சக்கரங்களும் அச்சுகளும் அமைந்தன. திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனத்தாரின் நீரழுத்தத் தடைப்பொறியும் பொருத்தப்பெற்றது. முன்னாளில் முட்டுக்கட்டை போடுவோர் உருளும் சக்கரத்தின் அருகே உயிரைப் பணயம் வைத்தே நின்றனர். தேர் நிலைக்கு வரப் பல நாட்கள் சென்றதும் உண்டு. இந்நாளில் காலையிற் புறப்படும் தேர் பெரும்பாலும் அன்றே நிலை சேர்கின்றது. முன்னே "ஆரூரா, தியாகேசா" என்னும் முழக்கத்தோடு பல்லாயிரவர் வடம் பிடிக்கின்றனர். பின்னே புல்டோசர்கள் உந்துகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் தொழில்புரியும் இளைஞர்கள் இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து வந்து, ஒரு கையிற் கைப்பேசியும் மறுகையில் வடமுமாக நிற்கின்றனர். தேர் அசையத் தொடங்கியதும் கைப்பேசி தானே சட்டைப்பைக்குள் போய்விடுகின்றது. ஒற்றைக் கைக்கு அந்த வடம் அடங்காது.

புல்டோசர் உந்துவதைக் கண்டு மனம் சுளிக்கும் முதியோர் இன்றும் உளர். எம்பெருமான் தேருக்கு இரும்புப் பூதம் எதற்கு என்பர். ஆயினும் வீதி முனையில் தேர் திரும்பாது நின்றுவிடும்போது, அவர்களே கைகளை உயர்த்தி அவ்வண்டியின் ஓட்டுநரை, "தம்பி, வாப்பா, வந்து தள்ளு" என்று அழைக்கின்றனர். அவர் எந்தக் குலத்தவர் என்று அப்போது எவரும் கேட்பதில்லை.

திருச்சிற்றம்பலம்.